புதுப்பிப்பு: மூச்சுக்குழாய்க்கு அச்சிட்ட கவசம்

முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்) மருத்துவத்தில் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று போன வாரம் எழுதியபோது, 2012-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு கைக்குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் அச்சிட்ட குழாயை வைத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். 'பிள்ளை வளர வளர அதை மாற்ற வேண்டாமா?' என்று இரண்டு பேர் கேட்டார்கள். நல்ல கேள்வி. முதலில் ஒரு திருத்தம்: வைத்தது உள்ளே அல்ல, வெளியே.

அந்தக் குழந்தைக்கு நுரையீரலுக்குப் போகும் கிளைக்குழாயின் சுவர் வலுவில்லாமல் துவண்டு, மூச்சை வெளியே விடும்போது மூடிக்கொண்டது. மருத்துவர் கிளென் கிரீனும் பொறியாளர் ஸ்காட் ஹாலிஸ்டரும் சி.டி. ஸ்கேனிலிருந்து அளவெடுத்து, பாலிகேப்ரோலாக்டோன் என்ற, உடம்புக்குள் மெல்லக் கரையும் பிளாஸ்டிக்கின் பொடியை லேசரால் உருக்கி ஒட்டி, ஒரு சின்னக் கவசம் செய்தார்கள். அதைக் குழாயின் மேல் மாட்டி, துவண்ட சுவரைத் தையல் போட்டு அதோடு இழுத்துக் கட்டினார்கள். குழாய் விரிந்து நின்றது. 21 நாள் கழித்து வென்டிலேட்டரையே எடுத்துவிட்டார்கள்.

சரி, வளர்ச்சிக்கு என்ன வழி? அந்தக் கவசம் முழு வளையம் இல்லை, நீளவாக்கில் ஒரு பக்கம் பிளந்திருக்கும். குழாய் பருக்கப் பருக்கப் பிளவும் அகலும். சுமார் 3 வருடத்தில் கவசமே உடம்புக்குள் கரைந்துவிடும், அதற்குள் குழாய் தன் பலத்தில் நின்றுவிடும் என்பதுதான் கணக்கு. தன் வேலை முடிந்ததும் மறைந்துபோகும்படி ஒரு பொருளை யோசித்து வைத்திருக்கிறார்களே, எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது.

அப்புறம், இது ஒரு குழந்தையோடு நிற்கவில்லை. 2015-இல் இதே குழு மூன்று குழந்தைகளின் சிகிச்சை விவரத்தை வெளியிட்டது.