3 அடி மண்குதிரை: கழுத்தில் விரிசல், சூளையில் வயிறு வெடிக்கிறது

திண்ணைமண்:
வீட்டுத் திண்ணையில வச்சு செய்யற சுடுமண் குதிரை, 3 அடி உயரம். கண்மாய்க் களிமண் 4 கூடை, ஆத்து மணல் 1 கூடை, உமி 2 படி. கால் நாலும் சக்கரத்துல குழாயா இழுத்தது, உடம்பு கையால ஏத்தினது. காயும்போதே கழுத்தைச் சுத்தி மயிரிழை விரிசல் விடுது. 6 நாள் காயவச்சு சூளையில வச்சா, அரை மணி நேரத்துல வயிறு டப்புனு பெயர்ந்துடுது. நல்லா வெந்து வந்ததுலயும் நாலஞ்சு நாள்ல மேல்தோல் பொட்டுப் பொட்டாத் தெறிக்குது, உள்ளே வெள்ளைப் புள்ளி. புரவி எடுப்புக்கு (அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை எடுத்துட்டுப் போற திருவிழா) 2 மாசம்தான் இருக்கு. மண்ணை மாத்தணுமா, சூளையை மாத்தணுமா?

சூளைக்கரை:
மூணும் வேற வேற கோளாறுங்க. முதல்ல வயிறு. அதுக்குக் காரணம் ஈரம். 2 செ.மீ. கனமுள்ள சுவர் 6 நாள்ல காயாது. மேல வெளுத்திருக்கும், உள்ள பச்சையா இருக்கும். தீ பட்டதும் அந்தத் தண்ணி ஆவியாகி, வெளிய போக வழியில்லாம சுவரைப் பிளக்குது. காத்துக் குமிழிதான் வெடிக்க வைக்குதுன்னு பலர் சொல்வாங்க. நல்லாக் காஞ்ச மண்ணுல குமிழி இருந்தாலும் வெடிக்காது.

நிழல்ல 3 வாரம், கடைசி 2 நாள் மட்டும் வெயில். கன்னத்துல வச்சுப் பாருங்க, சில்லுனு இருந்தா இன்னும் ஈரம் இருக்கு. வயித்துக்கு அடியில ஒரு ரூபாய்க் காசு அளவு துளை போடுங்க, கால் குழாயின் அடியையும் அடைக்காதீங்க. சூளையில எடுத்த எடுப்புல வைக்கோல் போட்டுக் கொளுத்தக் கூடாது. சுத்தி ஒரு முழம் தள்ளி வறட்டியைப் புகைய விட்டு 3 மணி நேரம் அனல் மட்டும் காட்டுங்க. ஆவி அடங்கின பிறகுதான் விறகு, வைக்கோல், மேல சேத்துப் பூச்சு.

பச்சைமண்:
கழுத்து விரியுதுன்னா, உடம்பு இறுகின பிறகு ஈரத் தலையை ஒட்டியிருக்கீங்க. உடம்பு சுருங்கி முடிஞ்சிருக்கும், தலை அப்பத்தான் சுருங்கும். இழுபறி ஒட்டுல வந்து நிக்கும். ரெண்டும் ஒரே பதத்துல, நகம் பதியணும் ஆனா விரல்ல ஒட்டக் கூடாது, அப்ப ஒட்டுங்க. ரெண்டு முகத்தையும் சீப்பால குறுக்கும் நெடுக்குமாக் கீறி, அதே மண்ணுக் குழம்பைத் தடவி அழுத்தி, தட்டுப்பலகையால தட்டி இறுக்குங்க. ஈரத்துணி சுத்தி மேல பாலித்தீன், 3 நாள். காது, வால் நுனிக்கும் துணி வேணும், அதுங்கதான் முதல்ல காயும்.

இன்னொண்ணு: காலடியில சாம்பலோ மணலோ தூவுங்க. இந்த மண்ணு சுமாரா 8 சதவீதம் சுருங்குதுன்னா, 3 அடிக்கு 3 அங்குலம் குறையும். கால் தரையைப் பிடிச்சிக்கிட்டா தொடைச் சந்துல கீறல் விழும். வெந்து முடிஞ்சு 3 அடி வேணும்னா பச்சையில 39 அங்குலம் வையுங்க.

வண்டல்:
வெள்ளைப் புள்ளி சுக்கான்கல் (மண்ணுல கலந்து கிடக்கிற சுண்ணாம்புக் கல்), இல்லேன்னா நத்தை ஓடு. சூளைச் சூட்டுல அது சுட்ட சுண்ணாம்பா மாறி, காத்து ஈரத்தை உறிஞ்சி வீங்கி மேல்தோலைத் தள்ளுது. காஞ்ச மண்கட்டியில எலுமிச்சைச் சாறு விடுங்க, நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு. மண்ணைத் தொட்டியில ரெண்டு நாள் ஊறவச்சு, கூழாக் கரைச்சு, கொசுவலையில வடிகட்டுங்க. மணலும் உமியும் வடிகட்டின பிறகுதான் சேர்க்கணும். மண்ணை மாத்த வேண்டாம். மாத்துறதா இருந்தா, வட்டாட்சியர் அனுமதியோட வேற கண்மாய்ல, கரைப்பக்கம் விட்டு நடுவுல ஒரு அடி ஆழத்துக்குக் கீழே எடுங்க.

ஏற்கெனவே வெந்ததை, இன்னும் தெறிக்காததா இருந்தா, ஆறினதும் தண்ணியில முழுசா ஒரு ராத்திரி அமிழ்த்தி வையுங்க. பொடித் துகளா இருந்தா நீர்த்துக் குழைஞ்சிடும். பெரிய கல்லுக்கு இது உதவாது.

திண்ணைமண்:
நன்றிங்க. சூளையை எப்பப் பிரிக்கலாம்? சுட்டதுல உள்பக்கம் கருப்பா இருக்கே, வேகலையா?

சூளைக்கரை:
மறுநாள், உள்ளே கைவிட்டா சூடு தாங்கணும். அவசரத்துல பிரிச்சா குளிர்காத்து பட்டு நீளக் கீறல் விழும், அது ஒட்டாது. கருப்பு, உமி முழுசா எரியக் காத்துப் பத்தாததால வர்றது. தட்டினா கணீர்னு கேட்டா வெந்திருக்கு, மொத்துனு கேட்டா மறுபடி சூளையில வையுங்க.