தேவாலா சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். நேத்து இங்க அமெரிக்காவுல டென்வர்ல இருந்து ஆஸ்பென்ங்கற மலையூருக்குப் போயிட்டு வந்தோம். கார்ல 4 மணி நேரம். அந்த மலையைப் பாத்ததுமே நம்ம ஊர் ஞாபகம் வந்துருச்சு பெரியப்பா.

📷 5 படங்கள்

சுமதி அத்தை: தலையில என்னடா தொப்பி, சுரங்கத்துக்குள்ளயா போன?

கார்த்தி: ஆமாத்தை. பழைய வெள்ளிச் சுரங்கம். வெளிய நல்ல வெயில், உள்ள பத்தடி போனதும் ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியல. சுவத்தைத் தொட்டா ஈரம். கூட்டிட்டுப் போனவர் ஒரு நிமிஷம் விளக்கை அணைச்சுக் காட்டினார். என் கையே எனக்குத் தெரியல.

பெரியப்பா: அந்த ஊர் எப்ப உண்டாச்சு?

கார்த்தி: 1879 பெரியப்பா. வெள்ளி தேடி மலை ஏறினவங்க போட்ட ஊர்.

பெரியப்பா: அதே 1879லதான் பிரஃப் ஸ்மித் நம்ம பக்கம் வந்தார். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா தங்க வயல்ல பெரிய அதிகாரியா இருந்தவர். 1880ல அவர் அறிக்கை வந்ததும் லண்டன்ல ஒரே பரபரப்பு. நம்ம தேவாலா பக்கத்தையும் அப்ப வயநாடுன்னுதான் சொல்வாங்க. அந்த வயநாட்டுத் தங்கத்துக்குன்னே 30க்கும் மேல கம்பெனி. இங்க பூச்சியும் இலை நோயும் வந்து பட்டுப்போன காப்பித் தோட்டத்தை எல்லாம் தங்க நிலம்னு சொல்லிக் கொள்ளை விலைக்கு வித்தாங்க. தேவாலாவும் பந்தலூரும் திடீர்னு டவுனாச்சு. கல்லை உடைச்சுப் பாத்தா, சொன்ன தங்கத்துல கால்வாசிகூடத் தேறல. ரெண்டு மூணு வருசத்துல எல்லாம் மூட்டை கட்டிட்டாங்க.

ரேவதி: அப்ப இங்க தங்கம் இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது அவர்தானா பெரியப்பா?

பெரியப்பா: இல்லம்மா. அவருக்கு ரொம்ப காலம் முன்னாடியே இங்கத்த பழங்குடிங்க, பணியரும் குறும்பரும் ஓடை மணலை மரத்தட்டுல அலசித் தங்கம் எடுத்தவங்க. வெள்ளைக்காரன் போட்ட குழி பலதும் பழைய காலத்துல தோண்டின இடத்துக்குப் பக்கத்துலதான். யார் வந்து சுரங்கக் கதை கேட்டாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

கார்த்தி: ஆஸ்பென்லயும் அப்படித்தான். அது யூட்ங்கற பூர்வகுடி மக்களோட மண். ஊருக்கு முதல்ல யூட் சிட்டின்னே பேர் வெச்சாங்க. 1881ல அவங்களையே அங்கிருந்து அனுப்பிட்டாங்க.

ரவி: பெரியப்பா, கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் நம்ம லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மேல இருக்கற நிலத்தைக் கேட்டு வந்தாரு. பழைய சுரங்கத்தைக் காட்டி ரிசார்ட் போடணுமாம். ஊருக்கு நல்லதுதானே? பசங்களுக்கு வேலை கிடைக்கும்.

சுமதி அத்தை: அந்தக் குழிகிட்ட யாரையும் விடாதீங்க ரவி. போன ஆடி மழையில எங்க கன்னுக்குட்டி உன்னிச்செடி மூடியிருந்த குழிக்குள்ள விழுந்துச்சு. ராத்திரி பூரா அதோட குரல் கேட்டுட்டே இருந்துச்சு. காலையில மூணு பேர் கயித்தைக் கட்டி இறங்கினாங்க. மேல கொண்டு வர்றதுக்குள்ள சத்தம் நின்னுருச்சு.

ரேவதி: இன்னும் தங்கம் தேடி ராத்திரியில டார்ச்சோட இறங்கறவங்க இருக்காங்களே அத்தை. மூச்சு முட்டிச் செத்தவங்களும் உண்டு.

கார்த்தி: ரவி, ஆஸ்பென் கதையை முழுசாக் கேளு. 1893ல அமெரிக்க அரசாங்கம் வெள்ளி வாங்கறதை நிறுத்துச்சு. அதோட ஊரு விழுந்துருச்சு. 1930ல மொத்தமே 700 பேர்தான் மிச்சம். 1940கள்ல வால்டர் பெப்கேன்னு சிகாகோ தொழிலதிபர் வந்து பனிச்சறுக்குக்கும் இசை விழாவுக்குமா ஊரைத் திரும்ப எழுப்பினார். அது நிஜமாவே பெரிய காரியம். இன்னைக்கு அங்க சுரங்கக்காரன் குடியிருந்த சின்ன மரவீடு பல லட்சம் டாலர். ஓட்டல்ல தட்டு எடுக்கறவங்க, பனி தள்ளறவங்க எல்லாம் ரொம்ப தூரத்துல இருந்து பஸ்ல வர்றாங்க.

ரவி: உள்ளூர்க்காரங்களுக்கு வீடே இல்லயா?

கார்த்தி: இருக்கு. அங்க வேலை செய்யறவங்களுக்கு மட்டும்னு சுமார் 3,000 வீடு ஒதுக்கி வெச்சிருக்காங்க. அதை வெளியாளுக்கு இஷ்டப்பட்ட விலைக்கு விக்கவும் முடியாது. இன்னொண்ணு, சுரங்கத்துல இருந்து கொட்டின மண்ணுல ஈயம். அதுமேலயே வீடு கட்டிட்டாங்க. 1986ல மத்திய அரசே தலையிட்டுச் சுத்தம் பண்ற பட்டியல்ல சேத்துச்சு. அது முடிய 1999 ஆச்சு.

பெரியப்பா: ரவி, நானும் உங்க அப்பாவும் இலங்கை கண்டியில இருந்து வந்து டேன்டீயில, அதான் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்துல, சேந்தோம். வேலை முடிஞ்சா லயத்தை விட்டுப் போகணும். 30 வருசம் கொழுந்து பறிச்ச உன் அம்மாவுக்கு இந்த மலையில ஒரு சென்ட் பட்டா கிடையாது. பழைய ஜமீன் மாதிரியான ஜென்மி உரிமையில இருந்த கூடலூர் ஜென்ம நில வழக்கு, அந்த உரிமையை ஒழிச்ச 1969 சட்டத்துல இருந்து இழுத்துட்டு இருக்கு. இந்த நிலைமையில ரிசார்ட் வந்தா நிலத்து விலை எங்க போகும்னு யோசி. யாரும் வரக்கூடாதுன்னு நான் சொல்லல. நாலு பேர் வந்து பாக்கட்டும், பசங்க பிழைக்கட்டும். முதல்ல வீடு, அப்புறம்தான் விருந்தாளி.

ரவி: சரி பெரியப்பா. இன்னைக்கு முன்பணம் வாங்கச் சொல்லி இருந்தாரு. வேணாம்னு போன் பண்ணிடறேன்.

சுமதி அத்தை: நல்லதுப்பா. கன்னு விழுந்த குழிக்கு மட்டும் இன்னைக்கே வேலி போடணும். எங்க வீட்ல பழைய கம்பி ரெண்டு சுருள் இருக்கு.

ரவி: நான் 4 மணிக்கு வர்றேன் அத்தை. மூங்கில் நான் கொண்டு வர்றேன்.

பெரியப்பா: கார்த்தி, அந்த வீட்டு விதி என்னன்னு தமிழ்ல எழுதி அனுப்பு. நகராட்சிக்குக் குடுக்கற மனுவுல சேக்கணும்.

கார்த்தி: இன்னைக்கு ராத்திரியே அனுப்பறேன் பெரியப்பா.