மூஸ் வேட்டைத் துவக்குக்கு எந்த ஸ்கோப்? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சில ஆலோசனைகள்

ஒன்ராறியோவில் குடியேறி ஓரிரு ஆண்டுகளில் வேலையிடத்து நண்பர்கள் மூஸ் (பெரிய காட்டு மான்) வேட்டைக்கு அழைப்பதும், அதை நம்பி .300 அல்லது .338 வின்செஸ்டர் மேக்னம் போன்ற வலிய தோட்டாவைச் சுடும் துவக்கொன்றை வாங்கிய நம்மவர்கள் அதற்கு எந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தலாம் என்று கேட்பதும் இப்போது அடிக்கடி நடக்கின்றன. பாதுகாப்புப் பயிற்சி, துவக்கு வைத்திருப்பதற்கான பி.ஏ.எல். உரிமம், அதற்கான குறைந்தது 28 நாள் காத்திருப்பு, வேட்டைக் கல்வி வகுப்பு, ஒன்ராறியோவில் வேட்டையாடத் தேவையான அவுட்டோர்ஸ் கார்ட் எல்லாவற்றையும் முடித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஸ்கோப் வாங்குவதற்கென்று கனடாவில் தனி உரிமம் எதுவும் தேவையில்லை.

முதலில் பின்னுதைப்பு என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். எட்டரை இறாத்தல் எடையுள்ள துவக்கில் .30-06 தோட்டா ஏறத்தாழ 20 அடி-இறாத்தல் பின்னுதைப்பைத் தருகிறது; .338 வின்செஸ்டர் மேக்னம் 30-ஐத் தாண்டிவிடுகிறது. துவக்கு திடீரெனப் பின்னால் பாயும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. அதை இழுத்துக்கொண்டு வருபவை இரண்டு வளையங்களும் சில சிறிய திருகாணிகளும்தான். ஆகவே, 350 கிராம் எடையுள்ள ஸ்கோப்பைவிட ஒரு கிலோவை நெருங்கும் பெரிய ஸ்கோப் அந்தத் திருகாணிகளை ஏறத்தாழ மூன்று மடங்கு விசையுடன் இழுக்கும். வெளிக்குழலுக்குள் வேறொரு சிறுகுழலும், அதைத் திருத்தும் திருகுகளோடு அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்லும் இருக்கின்றன. மலிவான ஸ்கோப்பில் பெரும்பாலும் தளர்வது இந்தப் பகுதியே. கண்ணாடி அப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். சன்னம் மட்டும் ஒரு நாள் இங்கும் மறுநாள் அங்குமாக விழும். கடை மேசையில் வைத்து உள்ளே பார்த்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதனால்தான் 4-16, 5-25 மடங்கு போன்ற பெரிய உருப்பெருக்கங்களை மூஸ் வேட்டைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வடக்கு ஒன்ராறியோவின் அடர்ந்த காட்டில் 150 மீற்றருக்கு அப்பால் சுடும் வாய்ப்பு அரிது. மூஸின் நெஞ்சுப் பகுதியும் ஓர் அடிக்கு மேல் அகலமானது. 2-7 அல்லது 3-9×40 (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீற்றர் முன்வில்லை) தாராளமாகப் போதும். வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அத்தமனத்துக்கு அரை மணி பின்புவரை என்பதால் மங்கல் வெளிச்சம் முக்கியம் என்பது உண்மைதான். ஆனால் 40 மில்லிமீற்றர் முன்வில்லையை 6 மடங்கில் வைத்தாலே கண்ணுக்குப் போதிய 6.7 மில்லிமீற்றர் ஒளிவட்டம் கிடைக்கிறது. அதற்காக 56 மில்லிமீற்றர் வில்லையின் எடையைச் சுமக்க வேண்டியதில்லை.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு என் முதல் தெரிவு லியூபோல்ட் வி.எக்ஸ். ஃப்ரீடம் 3-9×40. அது இலேசானது, வாழ்நாள் உத்தரவாதம் உள்ளது, உருப்பெருக்கத்தைப் பொறுத்துக் கண் தூரம் (முழுக் காட்சியும் தெரிய ஸ்கோப்பின் பின்வில்லையிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம்) ஏறத்தாழ 4.2 அங்குலத்திலிருந்து 3.7 வரை தருகிறது. பர்ரிஸ் (Burris) நிறுவனத்தின் ஃபுல்ஃபீல்டும் கவனிக்கத்தக்கது. உருப்பெருக்கம் மாறாத 6 மடங்கு ஸ்கோப் நல்ல விலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம். அதனுள் அசையும் பாகங்கள் குறைவு. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் அங்குள்ள பல கடைகள் ஸ்கோப்பைக் கனடாவுக்கு அனுப்புவதில்லை. ஆகவே இங்குள்ள கடையிலேயே வாங்குங்கள். இணையத்தில் நம்ப முடியாத மலிவு விலைக்கு வரும் "லியூபோல்ட்" போலியாக இருக்கலாம்.

கண் தூரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் காயம் படுவது உங்கள் புருவம். மேக்னம் துவக்குக்கு கண் தூரம் மூன்றரை அங்குலத்துக்குக் குறைந்த ஸ்கோப்பை வாங்காதீர்கள். பொருத்தும்போது கண் தூரம் மிகக் குறுகும் உச்ச உருப்பெருக்கத்தில் வையுங்கள். தடித்த குளிர்ச் சட்டை துவக்கை முன்னே தள்ளிக் கண்ணை ஸ்கோப்பிலிருந்து விலக்கும். கோடையில் மெல்லிய சட்டையுடன் பயிற்சி செய்யும்போது கண் அதே அளவு நெருங்கிவிடும். படுத்தபடியும் மேட்டை நோக்கியும் குறிபார்க்கும்போது தலை இன்னும் முன்னே நகரும். ஆதலால் இரு உடைகளிலும், வெற்றுத் துவக்குடன், இந்த நிலைகள் எல்லாவற்றிலும் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே வளையங்களை இறுக்குங்கள்.

ஸ்கோப்புக்கு 450 டொலர் கொடுத்துவிட்டு 20 டொலர் வளையத்தில் அதை மாட்டுவது பணத்தை வீணாக்குவதாகும். துவக்கின் மேல் பொருத்த எஃகாலான அடித்தட்டும், ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களும் வாங்குங்கள். திருகாணியிலும் துளையிலும் உள்ள எண்ணெயை முழுவதும் துடைத்து, அடித்தட்டுத் திருகாணிகளுக்கு திருகாணி தளராமல் பிடிக்கும் நீலநிற லொக்டைட் பசை ஒரு துளி இடுங்கள். வளையத்தின் குறுக்காணி அடித்தட்டுப் பள்ளத்தின் முன்சுவரோடு, அதாவது குழல்வாய்ப் பக்கத்தோடு, ஒட்டி நிற்கும்படி தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். இடைவெளி விட்டால் ஒவ்வொரு வெடிக்கும் ஸ்கோப் முன்னே ஓடி அந்தச் சுவரில் மோதும். வளைய மூடிகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-இறாத்தல் போதும் என்றாலும், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கை உணர்வை நம்பாமல் முறுக்களவுச் சாவியைப் பயன்படுத்துங்கள். இறுதியில் வளையத்தின் விளிம்பையும் ஸ்கோப் குழலையும் சேர்த்து வெள்ளை மையால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தால், குழல் ஒரு மயிரிழை நழுவினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

பிறகு ஓகஸ்ட் மாதத்திலேயே சுடுதளத்துக்குச் சென்று, 100 மீற்றரில் மூன்று மூன்றாகச் சுட்டு, இடையிடையே குழலை ஆறவிடுங்கள். குறி சரியானதும் மேல்திருகை 20 சொடுக்கு ஏற்றிச் சுடுங்கள், ஒரு சொடுக்கு கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்) ஆனால் சன்னம் ஏறத்தாழ 14.5 சென்ரிமீற்றர் மேலே விழ வேண்டும். மீண்டும் 20 இறக்கினால் பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால், திருகாணிகள் எல்லாம் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்து, தோள் வலியால் நீங்களே துவக்கை அசைக்கவில்லை என்பதை அனுபவமுள்ள ஒருவரைச் சுடச்செய்து உறுதிப்படுத்திய பின், ஸ்கோப்பைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். வாழ்நாள் உத்தரவாதம் நல்லதுதான், ஆனால் வேட்டை முகாமில் உடைந்த ஸ்கோப்பை அது அன்றே சரிசெய்துவிடாது. துவக்கில் ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்க உதவும் இரும்புக் குறிகள் இருந்தால் அவற்றையும் அன்றைக்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.