இரண்டைப் போட்டால் மூன்று விடை

கிருஷ்ணகிரிக்காரர்:
அக்கா பையன் காவேரிப்பட்டணத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் கணக்கு நோட்டோடு வந்து, "மாமா, மூணு விடை வருது, கூட்டிடலாமா?" என்றான். துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த சார்பு அது. −3 ≤ எக்ஸ் < 2 என்றால் 4எக்ஸ் + 1. 2 ≤ எக்ஸ் < 5 என்றால் எக்ஸ்² − 1. 5 ≤ எக்ஸ் ≤ 8 என்றால் 3எக்ஸ் − 2. கேட்டது எஃப்(2), அதாவது எக்ஸ் 2 ஆக இருந்தால் சார்பின் மதிப்பு என்ன என்று. பையன் மூன்றிலும் 2-ஐப் போட்டு, 9, 3, 4 என்று எடுத்து, 16 என்று முடித்திருந்தான்.

எனக்குச் சிரிப்பு. "கரண்ட் பில்லுல மட்டும் தனித்தனியா போட்டுக் கூட்டுறாங்களே?" என்று அவன் கேட்டதும் அது நின்றுவிட்டது. நியாயமான கேள்விதானே!

பழைய பில்லைத் தேடி எடுத்தேன். 2022 செப்டம்பரில் மாறிய வீட்டுக் கட்டணம், அன்றைய விலை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாவிட்டால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6. ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் 2.25 என்ற படியே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அந்த 501-வது யூனிட் 8 ரூபாய். பில் 1,958. ஒரே யூனிட்டில் 233 ரூபாய் ஏறிவிட்டது. கூட்டல் எல்லாம் சூத்திரத்துக்கு உள்ளே நடக்கிற வேலை. எந்தச் சூத்திரம் என்பதை யூனிட் கணக்கு முடிவு செய்யும், அதுவும் ஒன்றே ஒன்றுதான். 2 வருவது நடுத் துண்டில் மட்டும்தான் என்று பையன் 16-ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதினான். 501 கணக்கைப் பார்த்துக் கோபப்பட்டது அக்காதான்.

தருமபுரி டியூஷன் டீச்சர்:
அதே கணக்கில் எஃப்(9) கேட்டுப் பாருங்கள். கடைசித் துண்டில் போட்டு 25 என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். மதிப்பகம், அதாவது எக்ஸுக்குக் கொடுத்த எல்லை, 8-ஓடு முடிந்துவிட்டது, 9-க்கு மதிப்பே இல்லை. அப்படி எழுதத்தான் பிள்ளைகளுக்குப் பயம். நான் முதலில் எண்கோடு போடச் சொல்லுவேன். சமக்குறி இருக்கும் முனையில் நிரப்பிய வட்டம், இல்லாத முனையில் வெறும் வட்டம். 2-ல் நிரப்பிய வட்டம் எந்தத் துண்டுக்கோ, அதில் மட்டும் போட வேண்டியதுதான். ஆனால் எஃப்(−3)-க்கு −12 + 1 = −13 என்று எழுதுகிற வியாதிக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

பாலக்கோட்டுக்காரர்:
எங்கள் வீட்டில் சமக்குறி தக்காளியில் மாட்டியது. மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போக வண்டிக்காரர் போனில் சொன்ன வாடகை, "ஐம்பது பெட்டிக்குக் கீழே பெட்டிக்கு 15, ஐம்பதுக்கு மேலேன்னா எல்லாத்துக்கும் 12." அன்றைக்குப் பறித்துக் கட்டியது சரியாக 50 பெட்டி. அப்பா 600 என்கிறார், அவர் 750 என்கிறார். இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை, 50-க்கு யாரும் விலையே சொல்லவில்லை. டீக்கடையில் பேசி 675-க்கு முடிந்தது. அடுத்த வாரம் பெட்டி எண்ணும்போது அப்பா ஒன்றைக் கூடுதலாகவே ஏற்றினார். 51 பெட்டி, 612 ரூபாய்.