பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள்

பித்தப்பை அறுவைக்கு முன் அம்மாவுக்கு எடுத்த எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு புள்ளி தெரிந்தது. சி.டி. ஸ்கேனில் 9 மி.மீ. முடிச்சு என்றார்கள். அறிக்கையில் ‘புற்றுநோய்க்கு வாய்ப்பு உண்டு’ என்ற வரியைப் படித்ததும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

நுரையீரல் மருத்துவர் முதலில் கேட்டதே, “பழைய எக்ஸ்ரே இருக்கிறதா?” என்றுதான். அம்மா இளவயதில் காசநோய்க்குத் தாம்பரம் சானடோரியத்தில் சிகிச்சை பெற்றவர். பீரோவின் மேல் பழுப்பேறிய உறைக்குள் 2009-இல் எடுத்த படம் கிடைத்தது. மருத்துவர் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் அடுத்தடுத்துச் செருகி, அளவுகோல் வைத்து அளந்தார். அதே இடம், அதே அளவு. சி.டி.யில் முடிச்சின் நடுவே சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக இருந்ததையும் காட்டினார். “காசநோய் விட்டுப்போன தழும்பு, அம்மா. ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டாம்.”

திடமான முடிச்சு 2 ஆண்டுகள் வளராமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் 8 மி.மீ. முடிச்சு 10 மி.மீ. ஆனால் ‘இரண்டே மில்லிமீட்டர்’ என்று விட்டுவிடாதீர்கள். கன அளவில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. பெட் ஸ்கேனில் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் திசுக்களை ஒளிரச் செய்து காட்டும் ஸ்கேன்) ஒளிர்வதாலேயே புற்று என்று முடிவுகட்டவும் முடியாது. காசநோயும் அப்படி ஒளிரும்.

மறுமொழி: அக்கா, அம்மாவுக்கு நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. என் சித்திக்கு நேர்மாறாக நடந்தது. புகையை அறியாதவர். இருமலோடு போனவருக்கு, எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்ததுமே சளிப் பரிசோதனைகூடச் செய்யாமல் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். மாதங்கள் போயின; நிழல் பெரிதானது. வேறிடத்தில் எடுத்த சி.டி.யில் கட்டி 3 செ.மீ.யைத் தாண்டியிருந்தது, விளிம்பெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. திசுப் பரிசோதனையில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய். அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சளியில் கிருமி இருக்கிறதா என்று தயவுசெய்து கேளுங்கள். மாத்திரைக்கு நிழல் சுருங்காவிட்டால் திசுப் பரிசோதனையை வற்புறுத்துங்கள்.

மறுமொழி: எனக்கு இருப்பது திடமான முடிச்சு அல்ல, பனிமூட்டம்போல் மங்கலாகத் தெரியும் 7 மி.மீ. முடிச்சு. இந்த வகை மிக மெதுவாக வளரக்கூடியது என்பதால் 2 ஆண்டுக் கணக்கு இதற்குப் பொருந்தாது. 5 ஆண்டுகள்வரை பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். நடுவில் திடமான பகுதி தோன்றுகிறதா என்பதைத்தான் ஒவ்வொரு முறையும் தேடுகிறார். அடுத்த ஸ்கேன் தை மாதம். முந்தைய குறுந்தகடுகளையும் எடுத்துக்கொண்டே போகிறேன்.