வங்கி அறக்கட்டளை மானிய விண்ணப்பம் திரும்பி வந்துடுச்சு, வெள்ளிக்கிழமை கடைசி – அவசரம்

நாகலூர்_ஊற்று · 19 ஆகஸ்ட் 2025, காலை 11.40

அவசரம்ங்க. உள்ளூர் வங்கி ஒண்ணோட அறக்கட்டளைக்கு மானியம் கேட்டுப் போட்டிருந்தோம். இன்னைக்குப் பார்த்தா போர்ட்டல்ல "திருத்தத்துக்குத் திருப்பப்பட்டது: சட்டபூர்வ ஆவணங்கள் ஒத்துப்போகவில்லை"ன்னு காட்டுது. எது ஒத்துப்போகலைன்னு ஒரு வார்த்தை இல்ல. எல்லா ஆவணமும் ஏத்தியாச்சு, எல்லாமே சரியாத்தான் இருக்கு. உதவி எண்ணை எடுக்க மாட்டேங்கறாங்க. வெள்ளி மாலை 5 மணி கடைசி, ஒரே ஒரு தடவைதான் திருத்தலாமாம். என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அஸ்தம்பட்டி · 11.52

எல்லா ஆவணமும் என்றால் எவை எவை? டிரஸ்டா, சங்கமா, லாப நோக்கமில்லாத 8-ஆம் பிரிவுக் கம்பெனியா? 12ஏ (டிரஸ்டின் வருமான வரி விலக்குக்கான பதிவு) கேட்ட இடத்தில் எந்தத் தாளை ஏற்றினீர்கள்? எவ்வளவு கேட்டிருக்கிறீர்கள், எதற்கு? இதெல்லாம் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாதுங்க.

கணக்குப்பிள்ளை · 12.05

மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், அதுவும் கடைசி நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது. அறிவிப்பு வந்த அன்றே வழிகாட்டியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும் என்று இங்கே எத்தனை முறை எழுதியாயிற்று. எல்லாம் சரியாக இருந்தால் எதற்குத் திருப்பப் போகிறார்கள்? முதலில் அந்த நினைப்பை விடுங்கள்.

செவ்வாய்பேட்டை_பட்டறை · 12.30

பெயரைப் பாருங்க சார், பெயர்தான் இருக்கும். ஐந்து தாளை மேசையில் வரிசையாகப் போடுங்கள்: பதிவுசெய்த டிரஸ்ட் பத்திரம், பான் அட்டை, 80ஜி உத்தரவு (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்வது), தர்பண் பக்கத்தின் அச்சு (தொண்டு அமைப்புகள் பதியும் அரசுத் தளம்), கேன்சல் செய்த காசோலை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். பத்திரத்தில் "எஜுகேஷனல் அண்ட் சோஷியல்" என்று எழுத்தில் இருக்கும், காசோலையில் & குறி இருக்கும். பானில் "தி" இருக்கும், வங்கியில் இருக்காது. "டிரஸ்ட்" என்ற சொல்லை வங்கிக்காரர் இடம் போதவில்லை என்று பாதியில் வெட்டியிருப்பார். ஏற்காடு என்பதையே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறு பெயர்.

பான் பெயரை வெள்ளிக்குள் மாற்ற முடியாது, அதில் கை வைக்காதீர்கள். லெட்டர்பேடில் பெயர் வேறுபாட்டு உறுதிமொழி ஒன்று எழுதுங்கள். எந்தத் தாளில் எந்தப் பெயர் என்று அட்டவணையாகப் போட்டு, எல்லாம் ஒரே அமைப்பு, ஒரே பான் என்று மேலாண்மை அறங்காவலர் கையெழுத்திட்டு முத்திரை வையுங்கள். வங்கிக் கிளையில் கணக்கின் பெயரும் பானும் சேர்ந்திருக்கும் சான்று ஒன்று கேட்டால் தருவார்கள். இரண்டையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள்.

நாகலூர்_ஊற்று · 12.48

டிரஸ்ட்தாங்க. 12ஏ 2009ல வாங்கினது, வருமான வரி ஆணையர் கையெழுத்தோட ஒரிஜினல் இருக்கு, அதைத்தான் ஸ்கேன் பண்ணிப் போட்டோம். 6.8 லட்சம் கேட்டிருக்கோம், மூணு மலைக் கிராமத்துக்குக் குடிநீர் ஆர்ஓ (சவ்வு வச்சு உப்பு நீக்குற இயந்திரம்) வைக்க. அதுல சம்பளம் 1.1 லட்சம்.

அஸ்தம்பட்டி · 1.15

விஷயம் இங்கே இருக்கிறது. அந்த 2009 தாள் இப்போது செல்லாதுங்க. 2021 ஏப்ரலுக்குப் பிறகு பழைய 12ஏ, 80ஜி வைத்திருந்த எல்லோரும் படிவம் 10ஏ போட்டு 12ஏபி-யின் கீழ் புதிதாகப் பதிய வேண்டும் என்று ஆனது. காலக்கெடுவைப் பல முறை நீட்டிக் கடைசியாக 2024 ஜூன் 30 வரை கொடுத்தார்கள். பதிந்தவர்களுக்கு படிவம் 10ஏசி-யில் உத்தரவு வந்திருக்கும். அதில் 16 இலக்கத் தனிப் பதிவு எண் இருக்கும், முதல் 10 எழுத்து உங்கள் பானேதான். போர்ட்டல் கேட்பது அந்த எண்ணையும் அந்த உத்தரவையும். நீங்கள் பெட்டியில் ஒரு எண்ணைத் தட்டி, கீழே வேறு தாளை ஏற்றியிருப்பீர்கள்.

உங்கள் ஆடிட்டர் 10ஏ போட்டாரா? அவர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். வருமான வரித் தளத்தில் டிரஸ்டின் பானை வைத்து உள்ளே போங்கள். இ-ஃபைல், அதில் வருமான வரிப் படிவங்கள், அதில் தாக்கல் செய்த படிவங்களைப் பார். 10ஏ என்ற வரி இருந்தால் திறந்து உத்தரவை இறக்கிக்கொள்ளுங்கள். 12ஏபி-க்கு ஒன்று, 80ஜி-க்கு ஒன்று என இரண்டு தனித்தனி உத்தரவு. ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

உத்தரவில் எந்த மதிப்பீட்டு ஆண்டு முதல் எது வரை என்று பாருங்கள். 2022-23 முதல் 2026-27 வரை என்று இருந்தால் 2026 மார்ச் 31-ஓடு முடிகிறது. புதுப்பிக்க ஆறு மாதம் முன்னால், அதாவது 2025 செப்டம்பர் 30-க்குள், படிவம் 10ஏபி போட வேண்டும். மானியத்தை விட அது பெரிய தேதி, விட்டுவிடாதீர்கள். சிறிய டிரஸ்ட் என்றால், முந்தைய இரண்டு ஆண்டும் வருமானம் 5 கோடிக்குள் இருந்திருந்தால், இனி 12ஏபி 10 ஆண்டுக்குக் கிடைக்கும். 80ஜி மட்டும் அதே 5 ஆண்டுதான்.

மலைக்காப்பி · 1.40

ஆவணம் பக்கம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் திட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன். மலை ஊற்றுத் தண்ணீருக்கு எதற்குங்க ஆர்ஓ? தண்ணீரைச் சோதித்தீர்களா? டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு, எவ்வளவு? குடிநீருக்கான இந்தியத் தரம் 10500-இல் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்புடையது. சேர்வராயன் மலை ஊற்றுகளில் உப்பு அந்த அளவுக்குப் போவதில்லை. இங்கே தொல்லை மழைக்காலக் கலங்கலும் கிருமியும்தான். கலங்கல் அதன் அளவீட்டில் 1 என்டியு-வுக்குள் இருக்க வேண்டும், 100 மில்லியில் ஈ-கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஆர்ஓ வைத்தால் பாதித் தண்ணீர் கழிவாகப் போகும். கோடையில் நூலாக வழியும் ஊற்றில் அதைச் செய்வது அந்த ஊருக்குச் செய்யும் கெடுதல். கலங்கல் தண்ணீரில் சவ்வும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். படியவைக்கும் தொட்டி, மணல் வடிகட்டி, அதற்குப் பிறகு குளோரின் அல்லது யூவி (புற ஊதா) விளக்கு போதும். யூவி என்றால் ஸ்டெபிலைசரையும் பட்ஜெட்டில் சேருங்கள், மலையில் மின்னழுத்தம் ஏறி இறங்கி விளக்கு போய்விடும். குளோரின் என்றால் தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 4 கிராம், அரை மணி நேரம் விட்டு, குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் காட்ட வேண்டும். கலங்கலோடு போட்டால் மண்ணும் சருகுமே குளோரினைத் தின்றுவிடும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதனை அறிக்கை வாங்கி இணையுங்கள். விண்ணப்பத்தைப் பார்ப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

கணக்குப்பிள்ளை · 2.10

தண்ணீர் இருக்கட்டும். 6.8 லட்சத்தில் 1.1 லட்சம் சம்பளம் என்றால் 16 சதவீதம். சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) விதிப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குத்தான் திருப்பியிருக்கிறார்கள். இது அரிச்சுவடி.

சூரமங்கலம் · 2.31

மன்னிக்கணும் சார், அந்த 5 சதவீதம் டிரஸ்டுக்குப் போட்ட வரம்பே இல்லை. விதியில் நிர்வாகச் செலவு என்று வரையறுத்திருப்பது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தப் பொதுவாகச் செய்யும் செலவை. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் வராது என்று அதே வரியில் எழுதியிருக்கிறது. வடிகட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஊர்ப் பையனுக்குக் கொடுக்கும் மாதச் சம்பளம் திட்டச் செலவு. இந்த 5 சதவீதத்தை எல்லோரும் தப்பாகச் சொல்லிச் சொல்லித்தான் சின்ன அமைப்புகள் சம்பளத்தை மறைத்து "பயிற்சி", "பயணம்" என்று எழுதுகின்றன. பிறகு செலவுச் சான்று தரும்போது மாட்டிக்கொள்கின்றன.

இன்னொன்று, அது கூட்டுறவு வங்கியா, தனியார் வங்கியா? அதை இன்னும் யாரும் கேட்கவில்லை. சிஎஸ்ஆரைக் கட்டாயமாக்கும் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு கம்பெனிகளுக்கு: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் பொருந்தும். 1983 கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிந்த வங்கி கம்பெனியே அல்ல. அதன் அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 எண் (சிஎஸ்ஆர் பணம் வாங்கப் பதிந்த அமைப்புக்குத் தரும் எண்) கேட்டால் அது அவர்கள் வைத்துக்கொண்ட விதி, சட்டம் அல்ல.

கணக்குப்பிள்ளை · 2.50

விதி எண் தெரியும் தம்பி. கொடுப்பவர் தன் வழிகாட்டியில் 10 சதவீதம் என்று போட்டிருந்தால் உங்கள் வரையறையைக் காட்டி வாதாடிக்கொண்டிருக்க முடியுமா? பணம் அவர்களுடையது.

சூரமங்கலம் · 3.02

அவர்கள் வழிகாட்டியில் இருந்தால் கட்டுப்பட வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை. சட்டம் 5 என்கிறது என்று சொன்னீர்களே, அதைத்தான் மறுக்கிறேன். இரண்டும் வேறு. வழிகாட்டியில் எந்த வரம்பு இருக்கிறது என்று கேட்டவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்பேட்டை_பட்டறை · 3.20

இந்தச் சண்டையில் கேட்டவரை விட்டுவிட்டோம். தம்பி, பெயரைச் சரிபார்த்தீர்களா?

வெள்ளக்கடை_ரோடு · 4.45

யாரும் தொடாத ஒன்று. வடிகட்டி வைக்கும் இடம் யாருடையது? ஊராட்சி நிலம் என்றால் தடையின்மைச் சான்றும் தீர்மானமும் கேட்டிருப்பார்கள். அதில் ஊராட்சித் தலைவர் கையெழுத்தா இருக்கிறது? இங்கே தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது. அதற்குப் பிந்தைய தேதியில் தலைவர் முத்திரையோடு கடிதம் இருந்தால் எடுத்த எடுப்பில் தள்ளுவார்கள். இப்போது தனி அலுவலர்தான், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்). ஏற்காடு ஒன்றிய அலுவலகத்தில் நாளைக் காலையே நின்றால்தான் வியாழன் கையெழுத்தாகும். கான்கிரீட் கூரையோடு அறை கட்டுவதாக எழுதியிருந்தால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதி வேறு வந்துவிடும், அது வெள்ளிக்குள் நடக்காது. தகரக் கொட்டகை, தரையில் மேடை என்று மாற்றுங்கள்.

விலைப்புள்ளி மூன்றும் ஜிஎஸ்டி சேர்த்த தொகையா? டிரஸ்டுக்கு வரி திரும்பி வராது, பட்ஜெட்டில் விட்டால் கையை விட்டுப் போகும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஊர் வரை மணல், சிமென்ட், தொட்டி எல்லாம் தலைச்சுமை என்றால் அந்தக் கூலியைத் தனி வரியாக எழுதுங்கள். கம்பெனிக்காரர் விலைப்புள்ளி "சேலம் வரை" என்றுதான் இருக்கும். கூலியை ரொக்கமாகக் கொடுத்தால் ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாயைத் தாண்டாமல், கூலிப் பட்டியலில் கைநாட்டோடு வையுங்கள்.

நாகலூர்_ஊற்று · 20 ஆகஸ்ட், இரவு 9.10

10ஏசி ரெண்டும் கிடைச்சிருச்சு, ஆடிட்டர் 2021லயே போட்டிருக்காரு. காசோலையில & குறிதான், பத்திரத்துல எழுத்து. உறுதிமொழி தயார். தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் மார்ச் தேதில இருக்கு, அதான் பயமா இருக்கு. நாளைக்கு ஒன்றிய அலுவலகம் போறோம். ஆர்ஓவை எடுத்துட்டு மணல் வடிகட்டி போடலாமா, இல்ல திட்டத்தை மாத்தினா திரும்பப் பரிசீலனைன்னு தள்ளிடுவாங்களா?

மலைக்காப்பி · 9.34

இப்போது மாற்றாதீர்கள். திருத்தத்துக்குத் திறந்தது ஆவணப் பகுதி மட்டும் என்றால் திட்டப் பகுதியில் கை வைக்கவே விடாது. விளக்கக் கடிதத்தில் ஒரு பத்தி சேருங்கள்: "தண்ணீர்ச் சோதனை அறிக்கைப்படி வடிகட்டும் முறை முடிவு செய்யப்படும், தொகை கூடாது." களப் பார்வைக்கு வரும்போது அறிக்கையைக் கையில் கொடுத்துப் பேசிக்கொள்ளலாம். மாதிரி எடுக்கும்போது கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தப்படுத்திய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். குளிர்பான பாட்டிலில் கொண்டுபோனால் அந்த முடிவு எதற்கும் உதவாது.

நாகலூர்_ஊற்று · 22 ஆகஸ்ட், மாலை 4.22

ஏத்தியாச்சு. "பெறப்பட்டது"ன்னு வந்திருக்கு. எல்லாருக்கும் நன்றிங்க.

அஸ்தம்பட்டி · 5.05

நல்லது. ஒப்பந்தம் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். "தொகுப்பு நிதி" (செலவழிக்காமல் மூலதனமாக வைக்கும் பணம்) என்ற சொல் எங்காவது இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 2021 ஜனவரி 22-க்குப் பிறகு தொகுப்பு நிதிக்குக் கொடுப்பது சிஎஸ்ஆர் ஆகாது. ஓர் அறக்கட்டளை இன்னொரு அறக்கட்டளையின் தொகுப்பு நிதிக்குக் கொடுத்தாலும் அவர்கள் கணக்கில் செலவாக ஏறாது. சாதாரணமாகக் கொடுத்தாலே 85 சதவீதம்தான் செலவாக ஏறும். அதனால் சில அறக்கட்டளைகள் தாங்களே கடைக்காரருக்கு நேராகக் கட்டுவதாகச் சொல்லும், அப்படிக் கேட்டால் மறுக்காதீர்கள். உங்கள் பக்கம் பணம் வந்தால் அடுத்த மே 31-க்குள் நன்கொடை விவரம் காட்டும் படிவம் 10பிடி-யில் "குறிப்பிட்ட மானியம்" என்ற வகையில் காட்ட வேண்டும், தாமதத்துக்கு நாளுக்கு 200 ரூபாய்.

தனி அலுவலர் கையெழுத்து வாங்கிவிட்டீர்களா, இல்லை பழைய கடிதத்தோடு ஏற்றினீர்களா?

வெள்ளக்கடை_ரோடு · 25 ஆகஸ்ட், காலை 10.15

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். பழைய கடிதம் என்றால் இன்றே புதியதை வாங்கி, விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அறக்கட்டளை அலுவலகத்துக்கு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.