கூலி எழுதாத கணக்கு: குடி, போதை மீட்பு இல்லங்களில் தொழில் வகுப்பு எடுப்பவர்களின் அனுபவப் பகிர்வு

தையல் பயிற்சியாளர்:

மஞ்சப்பையிலிருந்து தொடங்குகிறேன். வகுப்பில் எல்லோரும் முதலில் தப்பாகப் போடும் கணக்கு அதுதான்.

36 அங்குல அகலக் காடாத் துணி, ஒரு மீட்டர். அதில் 30 அங்குல நீளத்தை எடுத்து அகலவாக்கில் மூன்றாக வெட்டினால் 12-க்கு 30 அளவில் மூன்று துண்டு. மீதி 9 அங்குலத்தை 3 அங்குலப் பட்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டினால் 18 அங்குலக் கைப்பிடி ஆறு. ஆக மீட்டருக்கு மூன்று பை, துணி மிச்சமில்லை. கத்தரி கொஞ்சம் கோணினாலும் மூன்றாவது பை போச்சு. காடா தண்ணீர் பட்டால் சுருங்கும் என்பதால், அளவு சொல்லி ஆர்டர் எடுத்திருந்தால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். அப்போது மீட்டருக்கு மூன்று வராது, கணக்கையும் மாற்றிப் போட வேண்டும்.

விலையை அவரவர் ஊர்க் கடையில் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். இங்கே மீட்டர் 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் பலகையில் வருவது இது: துணி 15, நூல் 1, ஆக 16. விற்பது 20. லாபம் 4.

கூலி எங்கே என்று கேட்டால், “நாமதானே தைக்கிறோம்” என்பார்கள். சாப்பாடும் கூரையும் இல்லம் கொடுக்கிறது, அதனால் உழைப்பு கண்ணில் படுவதில்லை. வெட்டித் தைக்கக் கூலி 8, அச்சு 3, வாடகையும் மின்சாரமும் 2 என்று சேர்த்தால் 29 ஆகிவிடும். நூறு பையில் எட்டு கழிவானால், அந்தச் செலவையும் நல்ல பைகள்தான் சுமக்க வேண்டும்: 29-ஐ 0.92-ஆல் வகுத்தால் 31 ரூபாய் 50 காசு. இருபதுக்கு விற்றால் பைக்கு பதினொன்றரை நஷ்டம். வீட்டுக்குப் போய் அதே விலைக்குத் தொழில் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? சமூகத்தொழில், அதாவது ஒரு சமூகச் சிக்கலைத் தீர்க்க நடத்தும் தொழில், என்பது மலிவாக விற்பதல்ல என்பதை இந்த ஒரு கணக்கு புரியவைத்துவிடும். மிஞ்சும் பணம் யாருக்குப் போகிறது, யாருடைய சிக்கல் தீர்கிறது என்ற கேள்வியெல்லாம் மிஞ்சிய பிறகுதான்.

இன்னொன்று. “குடியை விட்டவர்கள் தைத்தது” என்று அட்டை ஒட்டினால் முதல் ஆர்டர் இரக்கத்தில் வந்துவிடும். இரண்டாவது ஆர்டர் கைப்பிடித் தையல் பிரியாமல் இருந்தால்தான் வரும். அதனால் திரும்பி வந்து வாங்கியவர் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். தவிர, அந்த அட்டை ஒருவருடைய நோயை ஊருக்கே சொல்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒட்டவே கூடாது.

இல்லக் கவுன்சலர்:

கணக்கு சரிதான் சார், எந்த வாரத்தில் அதைப் போடுகிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். குடி நிறுத்திய முதல் வாரங்களில் கை நடுக்கம் இருக்கும், தூக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும், நேற்றுச் சொன்னது நினைவில் நிற்காது. அப்போது கத்தரியும் கூடாது, மோட்டார் வைத்த தையல் மெஷினும் கூடாது. அதன் பிறகும் நாற்பது நிமிடத்துக்கு மேல் வகுப்பு வேண்டாம். முந்தைய நாள் கணக்கை அழிக்காமல் பலகையிலேயே விட்டுவையுங்கள். மறந்ததைச் சோம்பேறித்தனம் என்று திட்டும் பயிற்சியாளரால்தான் பாதிப் பேர் வகுப்பை விட்டுப் போகிறார்கள்.

தொழில் தேர்விலும் கவனம் வேண்டும். தின்னர், ரப்பர் சொல்யூஷன் புழங்கும் வேலை, முகர்ந்து போதை ஏற்றியவர்களுக்கு ஆகாது. பை அச்சுக்குத் தின்னர் தேவைப்படாத, தண்ணீர் கலந்த சாயமே போதும். பேக்கரி என்றால் வெனிலா எசன்ஸ் பாட்டிலைப் பாருங்கள், பலவற்றில் ஆல்கஹால் உண்டு. டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) மாத்திரை எடுப்பவருக்கு அந்தச் சிறு அளவே வினையாகலாம். மது பரிமாறும் விருந்துக்குச் சமையல் ஒப்பந்தம் எடுப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ரொக்கம் தனிச் சிக்கல். சந்தைக்கு இருவராகப் போக வேண்டும், பணம் கியூஆர் வழியாகக் குழுக் கணக்குக்கே வர வேண்டும், இல்லத்தின் மாலைக் குழுக் கூட்டத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும். சம்பள நாளும் கடைத் தெருவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று குடிநோயாளிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நஷ்டத்தை விடப் பெரிய ஆர்டருக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ராத்திரி விழிப்பு, நேரந்தவறிய சாப்பாடு, தவறவிட்ட குழுக் கூட்டம் என்று ரிலாப்ஸுக்கு (விட்ட குடிக்குத் திரும்புவதற்கு) முன்னால் வருவதெல்லாம் அவசர டெலிவரியில் ஒன்றாக வந்து சேரும். கூட்டத்தை விட்டுவிட்டுத் தைக்க வேண்டிய ஆர்டர் என்றால் திருப்பி அனுப்பலாம். அதை மறுத்துப் பேசுவதையும் வகுப்பிலேயே நடித்துப் பழக்குங்கள்.

சட்டம் பார்ப்பவர்:

இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அதன் 20-ஆம் பிரிவு, நிறுவனத்தில் இருப்பவரிடம் கட்டாய வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்கிறது. தன் அறையைத் தானே பெருக்குவது வேறு, விற்பனைக்குப் பை தைப்பது வேறு. மேலே எழுதிய 8 ரூபாய் கூலி வெறும் பாடக் கணக்கல்ல, கைக்குப் போய்ச் சேர வேண்டிய பணம்.

அமெரிக்காவிலும் இது வழக்காகியிருக்கிறது. அலமோ என்ற மத அறக்கட்டளையின் கடைகளில் வேலை செய்தவர்களில் பலர் முன்னாள் போதை அடிமைகள். சாப்பாடு, துணி, தங்குமிடம்தான் கிடைத்தது. நாங்கள் தொண்டர்கள் என்று அவர்களே சொன்னபோதும், 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை ஊழியர்களாகவே கருதியது.

தையல் பயிற்சியாளர்:

உடனே யாராவது, சம்பளமில்லாமலே நடக்கிறதே என்று அமெரிக்க மீட்பு இல்லமான டெலன்சி ஸ்ட்ரீட்டைக் காட்டுவார்கள். 1971-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது, வீடு மாற்றித் தரும் லாரி போன்ற தொழில்கள் நடத்துகிறது, தனிச் சம்பளம் கிடையாது. உண்மைதான். ஆனால் அங்கே குறைந்தது இரண்டு ஆண்டு தங்க வேண்டும், வெளியேறும் முன் விலைபோகும் கைத்தொழில் மூன்று கற்க வேண்டும், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தர வேண்டும். 1978-இல் தொடங்கிய இத்தாலியின் சான் பத்ரிஞானோ மீட்பு இல்லத்திலும் ஆண்டுக்கணக்கில்தான் தங்குகிறார்கள். தொண்ணூறு நாள் இல்லம் அவர்களுடைய பெயர்ப்பலகையைக் கடன் வாங்கக் கூடாது. தொண்ணூறு நாளில் ஒரு பொருள், ஒரு முழுக் கணக்கு, நான்கு சந்தை விற்பனை முடித்தாலே நிறைவு.

கடன் ஒருங்கிணைப்பாளர்:

டிஸ்சார்ஜுக்குப் பிறகு சேர்ந்து தொழில் செய்யப் போகிறவர்களுக்கு நபார்டு (ஊரக வளர்ச்சி வங்கி) வகுத்த கூட்டுப் பொறுப்புக் குழு வடிவம் ஏற்றது, 4 முதல் 10 பேர் ஒருவர் கடனுக்கு ஒருவர் பொறுப்பேற்பார்கள். ஆனால் கடன் மனுவுக்கு முன் ஒவ்வொருவரின் பழைய கடன் பட்டியலையும் எழுதி வாங்குங்கள். கந்துவட்டிக்காரர் முதல் வருமானம் வந்த வாரமே வாசலில் நிற்பார்.

ஒப்பந்தத்தில் ரிலாப்ஸுக்கென்று தனிப் பத்தி வேண்டும், அதுவும் எல்லோரும் தெளிவாக இருக்கும்போது எழுதியதாக. மீண்டும் குடித்தவர் அன்றே சாவியை ஒப்படைக்க வேண்டும், பணப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். பங்கு பறிபோகாது. முப்பது நாள் தெளிவாக இருந்தால் வேலைக்குத் திரும்பலாம், பணப் பொறுப்பு எப்போது என்பதைக் குழு முடிவு செய்யும். வங்கியில் மூவர் பெயர், எடுக்க இருவர் கையெழுத்து. மெஷின் யார் பெயரிலும் இல்லாமல் குழுவின் பெயரில் பில் போட்டிருக்க வேண்டும். அடகுக்கடைக்கு முதலில் போவது அதுதான்.